பூச்சியை தாகத்துல மடக்கறது எப்படி: ஹார்மோன் ஆராய்ச்சியிலேர்ந்து கேரம் பவுடர் வரைக்கும்

கடையில போய் பூச்சி மருந்து கேட்டா எடுத்துக் குடுக்கறது முக்கால்வாசி நரம்பைத் தாக்கற விஷம்தான். அடிச்சதும் கரப்பான் மல்லாந்து காலை உதறுது பாருங்க, அது அந்த வேலை. சீக்கிரம் வேலை செய்யும், உண்மைதான், ஆனா அதே மருந்து மீன் தொட்டியில பட்டா மீன் போகும், பூனைக்கு ஆகாது, மாடியில பூசணிப் பூவுக்கு வர்ற தேனீயும் சாகும், போதாக்குறைக்கு வருஷா வருஷம் அடிச்சு அடிச்சு கரப்பானுக்கு அது பழகியும் போயிடுது. பத்துக்குப் பத்து ரூம்ல அடுப்பு, படுக்கை, குழந்தை, அரிசி மூட்டை எல்லாம் ஒண்ணா இருக்கற வடசென்னை வியாசர்பாடி, கொடுங்கையூர், காசிமேடு வீடுகள்ல இந்த ஸ்ப்ரேவை எங்க அடிச்சாலும் அது சோத்துக்குப் பக்கத்துலதான் அடிக்கறதா இருக்கும். 2024 நவம்பர்ல குன்றத்தூர்ல எலிக்கு வெச்ச மருந்தோட நெடி ரூமுக்குள்ள பரவி ரெண்டு குழந்தைங்க இறந்தது ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறமும் நம்ம ஏரியால பேரு ஊரு இல்லாத மாத்திரையை அரிசிக்குள்ள போடறவங்கள பாக்கறப்போ எனக்கு வயிறு கலங்குது. அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

வேற ஒரு வழி இருக்கு. பூச்சி உடம்புல இருக்கற தண்ணிக் கணக்கை உடைக்கறது. பூச்சி ரொம்ப சின்ன உடம்பு, அந்த உடம்போட எடைக்கு தோல் பரப்பு ரொம்ப அதிகம், அதனால காத்துல காயறதுக்கு அதுக்கு நேரமே ஆகாது. சமையல்கட்டுல ஓடற சின்ன கரப்பானுக்கு, அதான் ஜெர்மன் கரப்பான்னு சொல்றாங்களே, தண்ணி மட்டும் குடுத்து சாப்பாடே குடுக்கலன்னா ஒரு மாசத்துக்கு மேலகூட தாங்கும். சாப்பாடு குடுத்து தண்ணி குடுக்கலன்னா ரெண்டு வாரம் தாண்டறது கஷ்டம். பசியை விட தாகம்தான் அதோட வீக் பாயிண்ட்.

தண்ணிய அது எப்படி காப்பாத்துதுன்னு தெரிஞ்சாத்தான் எங்க கை வெக்கணும்னு புரியும். முதல் காவல் தோலுக்கு மேல இருக்கற மெழுகு. கண்ணுக்கே தெரியாத மெல்லிசு பூச்சு, அது போச்சுன்னா உள்ள இருக்கற ஈரம் நேரா வெளிய போயிடும். விக்கில்ஸ்வொர்த்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி 1940-கள்லயே, பூச்சியை சொரசொரப்பான தூள் மேல நடக்க விட்டா இந்த மெழுகு கீறிப்போய் அது காஞ்சு செத்துடுதுன்னு காட்டிட்டாரு. ரெண்டாவது காவல் உடம்போட பக்கவாட்டுல இருக்கற மூச்சு ஓட்டைங்க, தேவைப்படறப்போ மட்டும் திறந்து மூடும். மூணாவதுதான் ரொம்ப சுவாரசியமானது, பூச்சியோட கிட்னி. மால்பீஜியன் குழாய்னு பேரு, 1669-ல பட்டுப்புழுவை அறுத்துப் பாத்து எழுதின மால்பீஜியோட பேரு அது. கொசுவுக்கு அஞ்சு குழாய், கரப்பானுக்கு நூத்துக்கும் மேல. இந்தக் குழாய் ரத்தத்துலேர்ந்து உப்பையும் தண்ணியையும் இழுத்து சிறுநீரா குடலுக்குள்ள விடும், கடைசியில மலக்குடல் அதுல தேவையான தண்ணிய திரும்ப உறிஞ்சி உடம்புக்குள்ள அனுப்பிடும். எவ்ளோ வெளிய விடணும், எவ்ளோ திரும்ப எடுக்கணும்னு உத்தரவு போடறதுதான் ஹார்மோன்.

கொசு ரத்தம் குடிக்கறத குளோஸப்ல எடுத்த வீடியோ ஏதாவது கிடைச்சா பாருங்க. ஊசி இன்னும் தோலுக்குள்ள இருக்கும், வயிறு செவப்பா உப்பிக்கிட்டே வரும், அப்பவே வால் நுனியில பளிச்சுன்னு ஒரு சொட்டு துளிர்க்கும், விழும், அடுத்தது துளிர்க்கும். அது சிறுநீர். நம்ம ரத்தத்துல இருக்கற தண்ணியும் உப்பும் அதுக்கு பாரம், அதோட பறக்க முடியாது, அதனால குடிக்கறப்போவே ஹார்மோன் ரத்தத்துல பாய்ஞ்சு குழாயை முடுக்கி விடுது. அந்த உத்தரவை நிறுத்திட்டா கொசு வயித்துல பாரத்தோட மாட்டிக்கும். இல்ல, உத்தரவு நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா ஒரு பூச்சி தன் தண்ணிய எல்லாம் தானே வெளிய கொட்டிட்டு காஞ்சுடும். ஹார்மோனை வெச்சு பூச்சியைக் கட்டுப்படுத்தறதுன்னு சொல்றது இந்த ரெண்டு திசையைத்தான்.

இதுல எவ்ளோ தூரம் வந்திருக்காங்கன்னு பாப்போம். தென் அமெரிக்காவுல ரத்தம் குடிக்கற ரோட்னியஸ்னு ஒரு பெரிய மூட்டைப்பூச்சி மாதிரி பூச்சி இருக்கு, ஒரே தடவையில தன் எடையைப் போல பத்து மடங்கு வரைக்கும் குடிக்கும். அதுல ஒரு சிறுநீர் ஹார்மோன் வேலை செய்யுதுன்னு சைமன் மேட்ரெல் 1960-கள்ல காட்டினாரு. 1980-கள்ல கரப்பான்லேர்ந்து கைனின்ங்கற ஹார்மோன் வகையப் பிரிச்சாங்க, 1989-ல புகையிலைப் புழு ஒண்ணுலேர்ந்து இன்னொரு வகை. அப்புறம் ஐரோப்பாவுல கிளாஸ்கோ பல்கலைக்கழகம் தலைமையில 2015-லேர்ந்து 2019 வரைக்கும் நியூரோஸ்ட்ரெஸ்பெப்னு ஒரு பெரிய திட்டம் ஓடிச்சு. கேப்பான்னு ஒரு ஹார்மோன் குடும்பம், அதோட போலி ஒண்ணை லேப்ல செஞ்சு, செடிச்சாறு உறிஞ்சற அசுவினி மேல பாத்ததுல, வறட்சியிலயும் பட்டினியிலயும் இருந்த அசுவினிங்க இன்னும் சீக்கிரம் செத்துச்சு, வண்டுத்தேனீக்கு, அதான் பம்பிள்பீ, பெருசா பாதிப்பு இல்ல. எனக்கு இதுல பிடிச்சது அதான், தேனீயை விட்டுட்டு அசுவினியை மட்டும் தேடிப் போற மருந்து.

ஆனா ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். இந்த தண்ணி ஹார்மோனை பாட்டில்ல அடைச்சு இன்னிக்கு நம்ம கடையில விக்கல. ஹார்மோன்ங்கறது சின்ன புரோட்டீன் துண்டு, பூச்சி குடல்ல இருக்கற என்சைம் அதை நிமிஷத்துல வெட்டிப் போட்டுடும், வெளிய தெளிச்சா மெழுகுத் தோலைத் தாண்டி சுலபமா உள்ள போகாது. அமெரிக்க விவசாயத்துறையில ரொனால்ட் நாக்மன் மாதிரி ஆளுங்க பல வருஷமா அந்தத் துண்டுல ஒரு ரெண்டு இடத்தை மாத்தி, வெட்ட முடியாத மாதிரி செஞ்சு பாத்துக்கிட்டு வந்திருக்காங்க. இன்னொரு சிக்கல், அதே கேப்பா பழ ஈக்கு சிறுநீரைக் கூட்டுது, ரோட்னியஸுக்கு குறைக்குது. ஒவ்வொரு பூச்சிக்கும் தனித்தனியா பாத்துத்தான் செய்யணும். அதனால யாராவது ஹார்மோன் ஸ்ப்ரே, கரப்பானை காய வெச்சு கொல்லும்னு சொல்லி வித்தா வாங்காதீங்க. இந்தியாவுல எந்தப் பூச்சி மருந்தா இருந்தாலும் 1968 பூச்சிக்கொல்லி சட்டப்படி பதிவு நம்பர் லேபிள்ல இருக்கணும், அது இல்லன்னா திருப்பிக் குடுத்துடுங்க.

வளர்ச்சி ஹார்மோனை வெச்சு செஞ்ச மருந்து மட்டும் ஏற்கனவே இருக்கு. அதோட கதை 1965-ல ஹார்வர்ட்ல ஆரம்பிக்குது. பிராக் நகரத்துலேர்ந்து கொண்டுபோன ஒரு வகை செவப்பு பூச்சிங்க அங்க போனதும் பெரிய பூச்சியாவே மாறல, குழந்தையாவே வளர்ந்து வளர்ந்து செத்துச்சு. தேடிப் பாத்தா டப்பாவுக்குள்ள போட்டிருந்த பேப்பர்லதான் விஷயம். பால்சம்ங்கற ஊசியிலை மரத்துக்கூழ்ல செஞ்ச பேப்பர், அந்த மரத்துல பூச்சியோட இளமை ஹார்மோன் மாதிரியே ஒரு பொருள் இருந்திருக்கு. பத்து வருஷத்துக்குள்ள அந்த யோசனையில மெத்தோபிரீன் மருந்தா வந்துடுச்சு, அப்புறம் பைரிப்ராக்ஸிஃபென். தண்ணி ஹார்மோனுக்கும் அந்த நாள் வரும்னு நான் நம்பறேன்.

அது வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்ல. ஹார்மோன் எந்தக் கணக்கைக் காக்குதோ அதே கணக்கை வெளியிலேர்ந்து உடைக்கலாம், அதுக்கு வேண்டிய சாமானெல்லாம் ரோட்டுக்கடையிலயே கிடைக்கும்.

சமையல்கட்டு கரப்பான்

முதல் வேலை தண்ணிய நிறுத்தறது. மருந்து ரெண்டாவதுதான், இதை மாத்திப் பண்றவங்கதான் மருந்து வேலை செய்யலன்னு சொல்றாங்க. ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சதும் சிங்க்கை பழைய துணியால துடைச்சு உலர விடுங்க, குழாய் சொட்டுதுன்னா வாஷர் மாத்துங்க, ஈர கரித்துணிய வெளிய கொடியில போடுங்க, சிலிண்டர் அடியில இருக்கற ஈர வளையம், ஃப்ரிட்ஜ் பின்னாடி தட்டு, குடத்தடி, ஃபில்டர் கீழ சொட்டற இடம், இதெல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க. சிங்க் ஓட்டையை ஜாலி போட்டு மூடுங்க, அதுவழியாத்தான் பாதாள சாக்கடையிலேர்ந்து பெரிய செவப்பு கரப்பான் ஏறி வருது. எங்க தெரு ஆயா ஒண்ணு கேட்டுச்சு, "இன்னாடா, லாரி தண்ணிக்கே குடம் வரிசையில நிக்கறோம், இதுல கரப்பானுக்கு வேற தண்ணி குடுக்கறோம்னு சொல்ற?" ஆமா ஆயா, சிங்க்ல நிக்கற ஒரு ஸ்பூன் தண்ணி ஒரு கரப்பான் கூட்டத்துக்கே ராத்திரிக்குப் போதும்.

இப்படி காய வெச்ச வீட்டுல தண்ணியைத் தேடி அலையற கரப்பானுக்குத்தான் அடுத்த பொறி. போரிக் ஆசிட். மெடிக்கல்ல கிடைக்கும், கேரம் போர்டுல தூவற பவுடர்லயும் நிறைய இதுதான். 2024-ல உலக சாம்பியன்ஷிப்ல மூணு தங்கம் வாங்கின காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பொண்ணு, அப்படி சந்துக்கு சந்து கேரம் ஆடற ஊர் நம்மது, அதனால தேடி அலைய வேண்டியதில்ல. ஆனா டப்பாவுல போரிக்னு எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க, சிலது வெறும் மாவுப் பவுடர். அரை லிட்டர் வெந்நீர்ல ஒரு டீஸ்பூன் போரிக், பத்து டீஸ்பூன் சர்க்கரை போட்டு நல்லா கரையற வரைக்கும் கலக்குங்க. ஆறினதும் பஞ்சை அதுல நனைச்சு பாட்டில் மூடிக்குள்ள வெச்சு ஃப்ரிட்ஜ் பின்னாடி, அடுப்பு மேடை அடியில, ஷெல்ஃப் மூலையில வெச்சிடுங்க. போரிக் அதிகமா போட்டா சீக்கிரம் சாகும்னு நினைக்காதீங்க, ருசி மாறி கரப்பான் தொடவே தொடாது, 1 சதவீதம் இருந்தாலே போதும். பஞ்சு காஞ்சா மாத்திடுங்க.

குடிச்ச உடனே சாகாது, நாலஞ்சு நாள் ஆகும். போரிக் அதோட குடலோட உள்சுவரைக் கெடுக்குது, பகல்லயே தள்ளாடி வெளிய வர ஆரம்பிக்கும், அதைப் பாத்து பெருகிடுச்சுன்னு பயந்து ஸ்ப்ரே அடிச்சிடாதீங்க, ஸ்ப்ரே வாடைக்கு மிச்சம் இருக்கறதெல்லாம் வேற இடத்துக்கு ஓடி பொறியையே தொடாம போயிடும். தூளா தூவறதா இருந்தா விரல்ல ஒட்டற அளவு மெல்லிசா, சந்துக்குள்ள மட்டும். குமிச்சு வெச்சா கரப்பான் சுத்திக்கிட்டு போயிடும். தவழற குழந்தை இருக்கற வீட்டுல தூளும் வேண்டாம், கைக்கு எட்டற மூடியும் வேண்டாம், போரிக்கை குழந்தை முழுங்கினா ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். கரைசல் மிச்சம் இருந்தா தண்ணி பாட்டில்ல ஊத்தி வெக்காதீங்க, கலர் எதுவும் இல்லாததால யாராவது குடிச்சிடுவாங்க.

அரிசி, பருப்பு, மாவு

கொத்தவால்சாவடிக்கு போய் மொத்தமா வாங்கி வெக்கற வீடுகளுக்கு இதுதான் தலைவலி. இந்த வண்டுங்க எதுவும் தண்ணியே குடிக்காம வாழற கூட்டம். தானியத்துல இருக்கற ஈரம், அப்புறம் தான் தின்ன மாவை உடம்புல எரிக்கறப்போ வர்ற ஈரம், அவ்ளோதான் அதோட மூலதனம். பயறு வண்டை எடுத்துக்கங்க, தட்டப்பயறுல குண்டூசி ஓட்டை போட்டு வருமே அது. வெளிய வந்த பெரிய வண்டு பயறை திங்கறதே இல்ல. புழுவா பயறுக்குள்ள இருக்கறப்போ சேத்த தண்ணியிலதான் முட்டையிட்டு முடிக்கணும். தாகம் எடுத்த பெண் வண்டு ஆணோட அதிகமா சேருதாம், ஆண் குடுக்கற விந்துல இருக்கற தண்ணிக்காக. தண்ணி குடுத்து வெச்சா அந்த ஆர்வம் குறைஞ்சுடுதுன்னு ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. அவ்ளோ சிக்கனமா வாழற பூச்சிக்கிட்ட இருந்து இன்னும் கொஞ்சம் தண்ணிய பிடுங்கறது கஷ்டமே இல்ல.

மாவு வண்டு இன்னும் ஒரு படி மேல. அதோட சிறுநீர்க் குழாயோட நுனி மலக்குடலோட ஒட்டிக்கிட்டு இருக்கும், மலத்துல ஒரு துளி ஈரம்கூட விடாம உறிஞ்சிக்கும், அதுமட்டும் இல்லாம காத்துல ஈரம் அதிகமா இருந்தா பின்பக்கமா அந்தக் காத்துலேர்ந்தே தண்ணி எடுத்துக்கும். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக்காரங்க 2023-ல இது எந்த செல் வழியா நடக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. இதைப் படிச்சதும் எனக்கு நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகைதான் ஞாபகம் வந்துச்சு. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்பு டப்பாவே தண்ணி விட்டு நிக்கும், அந்தக் காத்துல மூடி தளர்ந்த ரவை டப்பாவுக்குள்ள இருக்கற வண்டுக்கு நாமளே தண்ணி பந்தல் வெச்ச மாதிரி. அதனால மழை மாசத்துல முதல் வேலை ரப்பர் வளையம் போட்ட இறுக்கமான டப்பா. நியூஸ்பேப்பர் சுத்தின டின்னெல்லாம் இந்த சீசனுக்கு ஆகாது.

பயறு, கடலை, துவரைக்கு வெயில் மருந்து இருக்கு, கத்திரி வெயில்ல செஞ்சா ரொம்ப நல்லா வேலை செய்யும். மாடியில ஒரு சாக்கு விரிச்சு அது மேல கறுப்பு பாலித்தீன், அது மேல பயறை ஒரு விரல் கனத்துக்கு மேல போகாம பரப்புங்க, மேல கண்ணாடி மாதிரி தெளிவான பாலித்தீன் போட்டு ஓரத்தை செங்கல் வெச்சு அமுக்கிடுங்க. உச்சி வெயில்ல ரெண்டு மூணு மணி நேரம். உள்ள சூடு 60 டிகிரிக்கு மேல ஏறும், 57 டிகிரியில ஒரு மணி நேரம் இருந்தாலே முட்டை, புழு எல்லாம் போயிடும். எடுத்ததும் சூட்டோட டப்பாவுல போட்டுடாதீங்க, உள்ள வேர்த்து ஈரமாகி பண்ணின வேலையே வீண். நிழல்ல முழுசா ஆறவிட்டு, புடைச்சு, அப்புறம் மூடுங்க. அரிசிக்கு இதைப் பண்ணாதீங்க, கடும் வெயில்ல அரிசி விரிசல் விட்டு சோறு குழையும். அரிசின்னா கொஞ்சம் கொஞ்சமா வாங்குங்க, ஃப்ரீசர்ல இடம் இருந்தா ரெண்டு கிலோ பையை நாலு நாள் வெச்சு எடுங்க.

ஊர்ல துவரையை செம்மண் கட்டி வெப்பாங்களே, செம்மண் குழம்புல புரட்டி காய வெச்சு, அது வெறும் பழக்கம்னு தள்ளிடாதீங்க. நல்ல நுணுக்கமான மண் வண்டோட மெழுகை உறிஞ்சி எடுத்துடும், சந்துலயும் போய் ஒட்டிக்கும். இதோட தொடர்ச்சியாத்தான் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் விதைக்கு 100 கிலோவுக்கு 1 கிலோ தூண்டப்பட்ட கேயோலின் களிமண் கலக்கச் சொல்லுது. வீட்டு விதைப் பயறுக்கும் அதே கணக்குல போடலாம். காஞ்ச மிளகாய், வேப்பிலை போடறது கெடுதல் இல்ல, ஆனா வண்டு ஏற்கனவே உள்ள இருந்தா அது ஒண்ணும் பண்ணாது.

மாடித்தோட்டம்

செம்பருத்தியில மாவுப்பூச்சி, அவரையில அசுவினி, ரெண்டும் செடிச்சாறு உறிஞ்சற கூட்டம். அசுவினிக்கு மால்பீஜியன் குழாயே கிடையாது, ஆச்சரியமா இருக்கு இல்ல? செடிச்சாறுல சர்க்கரை ரொம்ப அதிகம், அது அப்படியே உள்ள போனா அசுவினியோட சொந்த உடம்புத் தண்ணியையே குடலுக்குள்ள இழுத்துடும். அதுலேர்ந்து தப்பிக்க சர்க்கரையை நீளமான சங்கிலியா கோத்து, இழுக்கற வேகத்தைக் குறைச்சு, தேன்பாகு மாதிரி பின்னாடி விட்டுடும். இலையில பிசுக்குன்னு ஒட்டறதும் எறும்பு வர்றதும் அதான். இப்படி கத்தி முனையில நிக்கற பூச்சிக்கு ஒரு சோப்பு குளியல் போதும்.

காதி சோப்பை 10 கிராம் சீவி ஒரு லிட்டர் வெந்நீர்ல கரைச்சு ஆறவிட்டு, 5 மில்லி வேப்பெண்ணெய் விட்டு நல்லா குலுக்கி, சாயங்காலம் அடிங்க. சோப்பு மெழுகைக் கரைச்சுடும், மூச்சு ஓட்டைக்குள்ளயும் போகும், ஆனா பூச்சி மேல நேரா படணும், காஞ்சதுக்கப்புறம் அதுக்கு வேலை இல்ல. இலைக்கு அடியில, காம்பு இடுக்குல, நுனிக் குருத்துல அடிங்க. துணி சோப்பு தூள், பாத்திரம் கழுவற ஜெல் வேண்டாம், இலை கருகும். எதுக்கும் ஒரு இலையில அடிச்சு மறுநாள் பாத்துட்டு மீதியில அடிக்கறது நல்லது. மாவுப்பூச்சிக்கு மேல வெள்ளைத் தூள் கவசம் இருக்கறதால முதல்ல பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சு விட்டுட்டு அடிச்சாத்தான் உள்ள இறங்கும், அஞ்சாறு நாள் கழிச்சு இன்னொரு தடவை கண்டிப்பா.

வேம்போட விஷயம் நேரா ஹார்மோன்லதான் வந்து நிக்குது. வேப்பங்கொட்டையில இருக்கற அசாடிராக்டின், பூச்சி தோல் உரிக்கறதுக்கு உத்தரவு போடற ஹார்மோனை கலைச்சு விட்டுடும். தோல் உரிக்கற நேரம்தான் பூச்சிக்கு ரொம்ப ஆபத்தான நேரம், புதுத் தோல் மெத்துன்னு இருக்கும், பாதி உரிச்சு மாட்டிக்கிட்டா அங்கேயே காஞ்சு போகும். இலை தின்ற புழு இருக்கற செடிக்கு, ஒரு லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடிச்சு துணியில கட்டி ராத்திரி முழுக்க ஊற வெச்சு, காலையில பிழிஞ்சு வடிகட்டி, துளி சோப்பு சேத்து, அன்னிக்கு சாயங்காலமே தெளிச்சிடுங்க. வெயில்ல சீக்கிரம் வீரியம் போயிடும், அதனால நாளைக்கு வெச்சுக்கலாம்னு நிறுத்தாதீங்க. கடையில விக்கற பூச்சி வளர்ச்சி மருந்துங்க வயலுக்குப் பதிவானது, அடிச்சதுக்கப்புறம் இத்தனை நாள் பறிக்கக் கூடாதுன்னு கணக்கு இருக்கு, தினமும் கீரை கிள்ளற மாடிக்கு அது வேண்டாம்ங்கறது என் கருத்து.

மூட்டைப்பூச்சி

இதுல நிறைய பேர் போரிக்கை தூவி ஏமாந்து போறாங்க. மூட்டைப்பூச்சி ரத்தத்தைத் தவிர எதையும் வாயில வெக்காது, போரிக் உள்ள போகவே போகாது. அதுக்கு மெழுகை எடுக்கற தூள்தான் சரி. டயட்டம் மண் (ஒரு வகை நுண்பாசியோட ஓட்டுலேர்ந்து வர்ற தூள்), இல்லன்னா பூச்சிக்குன்னே வர்ற நுணுக்க சிலிக்கா தூள், ரெண்டுல சிலிக்கா இன்னும் நல்லா கேக்கும். கட்டில் சட்டத்தோட இடுக்கு, ஆணி ஓட்டை, சுவரோர பிளவுல பிரஷ்ல மெல்லிசா தடவுங்க, மாஸ்க் போட்டுக்கிட்டு. மெத்தை மேல தூவாதீங்க, ராத்திரி பூரா அதை மூச்சுல இழுப்பீங்க. நீச்சல் குள ஃபில்டருக்கு விக்கற சுட்ட டயட்டம் மண்ணை வாங்கவே வாங்காதீங்க, நுரையீரலுக்கு கெடுதல். காத்துல ஈரம் இருந்தா இந்தத் தூளோட வேகம் குறைஞ்சுடும், நம்ம கடலோரத்துல மாசி முடிஞ்சு வைகாசி வரைக்கும்தான் இதுக்கு சரியான நேரம்.

டிரம்மும் கொசுவும்

கொசுப் புழுவோட பிரச்சனை தலைகீழ். நல்ல தண்ணியில வாழறதால வெளித் தண்ணி உடம்புக்குள்ள ஏறிக்கிட்டே இருக்கும், உப்பு வெளிய கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அது குழாய் வழியா தண்ணியை விடாம வெளிய தள்ளி, வால் பக்கம் இருக்கற நாலு சின்ன இதழ் மாதிரி உறுப்பால உப்பைத் திரும்ப இழுத்துக்கும். தண்ணிய கடல் அளவுக்கு உப்பாக்கிட்டா கணக்கு மாறி உடம்புத் தண்ணி வெளிய போயிடும். அதனால உபயோகிக்காத கக்கூஸ் கோப்பை, பீரோ காலடி கிண்ணம் மாதிரி இடத்துல லிட்டருக்கு மூணு டேபிள்ஸ்பூன் கல்லுப்பு போடலாம். அரைகுறையா ஒரு சிட்டிகை போடறதுல பிரயோஜனமே இல்ல, யாழ்ப்பாணத்துக் கடலோரத்துல உவர்த் தண்ணியிலயே டெங்கு பரப்பற ஏடிஸ் கொசுவோட புழு வளர்றத பதிவு பண்ணியிருக்காங்க, நாமளும் கடலோரம்தான். செடித் தொட்டி தட்டுல உப்பு போடாதீங்க, அங்க மணல் நிரப்பிடுங்க.

குடிக்கற, குளிக்கற தண்ணிக்கு உப்பெல்லாம் கிடையாது, மூடி, துணி, தேய்க்கறது, இது மூணுதான். லாரி தண்ணி பிடிக்கற நீல டிரம்ல நெருக்கமான பருத்தித் துணியை வாய்க்கு இறுக்கிக் கட்டுங்க. வாரம் ஒரு தடவை காலி பண்ணா மட்டும் போதாது, ஏடிஸ் முட்டை தண்ணிக்கு சரியா மேல, டிரம் சுவர்ல கறுப்பு புள்ளியா ஒட்டியிருக்கும், அதோட ஓடு தண்ணியை உள்ள பூட்டி வெச்சுக்கற மாதிரி அமைஞ்சிருக்கறதால மாசக்கணக்குல காஞ்சு கிடந்தாலும் சாகாது, அடுத்த லாரி தண்ணி அதை நனைச்சதும் பொரியும். டிரம்மோட உள்பக்கம் தண்ணி நிக்கற கோட்டை தேங்கா நார், பிளீச்சிங் பவுடர் வெச்சு சுத்தி வர அழுத்தித் தேய்ச்சு, கழுவின தண்ணிய வெயில் படற தரையில ஊத்திடுங்க. முட்டை கொசுவா மாற நம்ம சூட்டுல ஏழெட்டு நாள்லேர்ந்து பத்து நாள், அதனால வாரத்துல ஒரே கிழமையா வெச்சுக்கங்க. மாடி சின்டெக்ஸ் மூடி உடைஞ்சிருந்தா மாத்திடுங்க, சென்னையில மலேரியா பரப்பற ஸ்டெஃபன்சி கொசுவுக்கு பிடிச்ச இடம் அந்த டேங்க்கும் கிணறும்தான். மாநகராட்சி ஆளுங்க டிரம்ல மருந்து ஊத்த வந்தா தடுக்காதீங்க, அளவு அவங்களுக்குத் தெரியும், நீங்களா கடையில வாங்கி குடிக்கற தண்ணியில எதையும் ஊத்தாதீங்க.